காலைக்கு ஒரு வெட்டு

ஜூன் 14

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌகரியம், பிரிட்ஜைத் தவிர. கடையில் மருந்து வைக்கிற பிரிட்ஜ் மூன்று நாளாக உறுமிக்கொண்டே இருக்கிறது, குளிர மாட்டேன் என்கிறது. ஊசி மருந்தையெல்லாம் வீட்டுப் பிரிட்ஜுக்கு மாற்றிவிட்டேன். உன் அண்ணன் அரைத்தூக்கத்தில் எழுந்து வந்து எதை எடுத்துக் குடித்து வைப்பாரோ என்று எனக்குப் பயம். அவருக்குச் சர்க்கரையும் இல்லை, இன்சுலினைக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்றும் தெரியும். இருந்தாலும் பயம்.

நீ ஹாஸ்டலுக்குப் போய் இருபது நாள் ஆகிறது. இரண்டே இரண்டு போன். அதிலும் "அப்புறம் அண்ணி, அப்புறம் அண்ணி" என்பதைத் தவிர ஒன்றும் பேசுவதில்லை. என்னாலும் பேச முடிவதில்லை. கடையில் போனை எடுத்தால் சீட்டும் கையுமாக நாலு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால்தான் கடிதம். இதற்காவது ஒழுங்காகப் பதில் போடு.

உன் அண்ணன் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார். கம்பெனிக் கிடங்கில் அவருக்கு வேலை கூடிவிட்டதாம், ஆள் இளைத்திருக்கிறார். மீதி ஆறு நாளும் கடையில் நான் நிற்கிறேன், சுவரில் அவருடைய மருந்தாளுநர் சான்றிதழ் தொங்குகிறது. போன செவ்வாய் டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். "சார் எங்கம்மா?" என்றார். "சாப்பிடப் போயிருக்கார்" என்றேன். "நான் எப்ப வந்தாலும் சாப்பிட்டுக்கிட்டே இருக்காரே, ஆளு ரொம்ப பெருத்துட்டாரோ" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார். நல்ல மனிதர்தான். எத்தனை நாள் நல்லவராக இருப்பார் என்று தெரியாது.

இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டு வா. நீ பாஸ் செய்து பதிவு செய்துவிட்டால் எனக்கு இந்தப் பொய் மிச்சம். அண்ணன் சான்றிதழுக்குப் பக்கத்தில் உனக்கு இப்போதே ஆணி அடித்து வைத்திருக்கிறேன். பூச்சு உதிர்ந்துவிட்டது என்று உன் அண்ணன் ஒரு மணி நேரம் சத்தம் போட்டார். போடட்டும்.

தலைக்கு எண்ணெய் வை. ராத்திரி கண் விழிக்காதே.

அன்புடன்
அண்ணி


ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஹாஸ்டலில் எனக்கு மட்டும்தான் தபால் வருகிறது. வார்டன் அதைக் கையில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "லவ் லெட்டரா?" என்று கேட்டார். "அண்ணி லெட்டர்" என்றேன். நம்பவில்லை.

நான் ஒரு சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன். திட்டாதீர்கள், முழுதாகக் கேளுங்கள். மருந்தியல் மாணவர் சங்கம். வாசலில் 'அட்வகேசி வகுப்பு' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள், நமக்கு வேண்டியதை அரசாங்கத்திடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுப்பதாம். நமக்கு என்ன சம்பந்தம் என்று திரும்பத்தான் பார்த்தேன். ஆனால் உள்ளே தேநீரும் பிஸ்கட்டும் இருந்தன. உட்கார்ந்துவிட்டேன். தேநீர் ஆறிப்போகிற அளவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சங்கத்துச் செயலாளர் கடைசி வருடம் படிக்கிற அக்கா. எப்போதும் தோளில் ஒரு பை, பை நிறையக் காகிதம், ஒரு செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். அவர் சொன்னது: "மாத்திரை வேலை செய்யறது வயித்துல. ஆனா அதை யார் கொடுக்கணும், என்ன சொல்லிக் கொடுக்கணும்னு முடிவாகறது ஒரு கூட்டத்துல. அந்தக் கூட்டத்துல நம்மாளு ஒருத்தர்கூட இல்ல." இரண்டு வருடமாக மருந்து உடம்புக்குள் எங்கே போகிறது என்று மட்டுமே படித்தேன். உடம்புக்கு வருவதற்கு முன்னால் எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததே இல்லை அண்ணி.

மருந்துக்கடைச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள். அதற்குச் சுகாதாரக் குழு ஒன்று போட்டிருக்கிறார்கள். குழு உறுப்பினர் ஒருவரைப் பார்க்க எங்களை அழைத்துப் போனார்கள். ஒன்பது மணிக்குப் போனோம், ஒரு மணிக்கு உள்ளே விட்டார்கள், ஆறு நிமிடம் கொடுத்தார்கள். அவர் முதலில் கேட்ட கேள்வி: "மருந்தாளுநர்னா கடையில மாத்திரை எடுத்துக் கொடுக்கறவங்கதானேம்மா?" எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கல்லீரல், சிறுநீரகம் என்று பாடத்தை ஒப்பித்துவிட்டேன். அவர் கொட்டாவி விட்டார். வெளியே வந்ததும் செயலாளர் அக்கா சொன்னார், "எண்ணிக்கை சொன்னா தலையாட்டுவாங்க. ஒரு ஆளைப் பத்திச் சொன்னா பேனாவை எடுப்பாங்க."

ஆகஸ்டில் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. எங்களுக்கும் நேரம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று கோரிக்கை வைக்கிறோம். கடை திறந்திருக்கும் நேரம் முழுக்கப் பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும். மருந்தைக் கொடுக்கும்போது எப்படிச் சாப்பிடுவது என்று வாயால் சொல்லி, வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். மூன்றாவது, மருந்து கொடுத்ததில் தவறு நடந்தால் அதைப் பயமில்லாமல் தெரிவிக்க ஒரு ஏடு வேண்டும். தானாக முன்வந்து சொல்கிறவரை அதற்காகத் தண்டிக்கக் கூடாது.

முதல் கோரிக்கையை எழுதியது நான்தான், என் கையெழுத்து அழகாக இருக்கிறதாம். எழுதும்போது நம் கடை ஞாபகம் வந்தது. "ஏன் நின்னுட்டே?" என்று அக்கா கேட்டார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லி எழுதி முடித்தேன். அதை உங்களிடம் மறைக்க மனமில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பதினோரு வருடமாகக் கடையில் நிற்கிறீர்கள். மருந்து மாறியது, அளவு மாறியது, யாருக்காவது அப்படி நடந்து உங்களுக்குத் தெரியுமா? எங்கேயாவது, யாராவது. பேனாவை எடுக்க வைக்கிற மாதிரி ஒன்று.

அன்புடன்
உங்கள் வாயாடி


ஜூலை 10

அன்புள்ள வாயாடிக்கு,

முதல் கோரிக்கையைப் படித்தேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு பேருக்கு மருந்து கொடுத்தேன். மறுபடி பிரித்துப் படித்தேன். அப்படியேதான் இருந்தது.

அம்மா தாயே, உன் சட்டம் வந்தால் முதலில் மூடுகிற கடை எது என்று யோசித்தாயா? நம் கடையை விட்டால் அடுத்த மருந்துக்கடைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். டாக்டர்கள் தாங்கள் எழுதியது தங்களுக்கே புரியாமல் எனக்குப் போன் செய்து கேட்கிறார்கள். யாருக்கு எந்த மருந்து ஆகாது, யார் வீட்டில் யார் பாதியில் நிறுத்திவிடுவார்கள், எல்லாம் என் விரல்நுனியில் இருக்கிறது. படிக்காதவள் என்று என்னைத் தள்ளி வைத்துவிட்டு யாரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்? உன் அண்ணனையா? அவர் நம் கடையில் இருமல் மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று போன ஞாயிறு என்னைத்தான் கேட்டார்.

இதை எழுதி இரண்டு நாள் ஆகிறது. கிழித்துப் போட்டுவிடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை, தொடர்ந்து எழுதுகிறேன். நீ ஒன்று கேட்டாய், அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. யாரிடமும் சொல்லாதது. உன் அண்ணனுக்கும் பாதிதான் தெரியும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் நான் அட்டையை வெட்டிக் கொடுப்பேனே, நீயும் பார்த்திருக்கிறாய். மாத்திரை அட்டையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு இருந்தால் காலை. இரண்டு இருந்தால் ராத்திரி. வெட்டே இல்லாவிட்டால் மதியம். இந்தப் பக்கம் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. வேறு எந்தக் கடையிலும் இப்படிச் செய்வதில்லை என்று எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

நாலு கடை தள்ளித் தையற்காரம்மா இருக்கிறாரே. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை. சீட்டில் சரியாகத்தான் எழுதியிருந்தது, நானும் சரியாகத்தான் படித்தேன். காலையில் சாப்பிட வேண்டியது என்பதால் கை தானாக ஒரு வெட்டு வெட்டிவிட்டது. வாரத்துக்கு என்று காட்ட என்னிடம் வெட்டு கிடையாது. வாயால் சொன்னேனா என்று கேட்பாய். அன்றைக்குக் கடையில் கூட்டம். சொன்னேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

அந்த அம்மா தினமும் காலையில் ஒன்று போட்டிருக்கிறார். ஒன்பது நாள். வாயெல்லாம் புண், காய்ச்சல், தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்து பிழைத்து வந்தார். அவர் வீட்டுக்காரர் நடுவில் கடைக்கு வந்து, "இந்த மாத்திரைதாம்மா" என்று அட்டையைக் காட்டினார். ஒன்பது குழி காலி, ஓரத்தில் என் வெட்டு. மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கே சொன்னார்களாம். "அப்படித்தான் இருக்கும்" என்று நானும் சொன்னேன்.

இன்றைக்கும் அவர் தலைவலிக்குக்கூட என்னிடம்தான் வருகிறார். "உன் கையால வாங்கினாத்தான் எனக்குக் கேக்குது" என்கிறார். அப்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை.

படித்துவிட்டுக் கிழித்துவிடு.

அண்ணி


ஜூலை 21

அன்புள்ள அண்ணிக்கு,

ஹாஸ்டலில் தனியாகப் படிக்க இடம் கிடையாது. குளியலறையில் நின்று மூன்று தடவை படித்தேன். வெளியில் வாளியோடு நின்றவள் என்னைப் பார்த்து, "வீட்ல யாருக்காவது ஏதாவதா?" என்று கேட்டாள்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பேராசிரியர்களே அந்த மாத்திரையைப் பாடம் நடத்தும்போது குரலைத் தாழ்த்துவார்கள். இதே தவறு எத்தனையோ இடங்களில் நடந்திருக்கிறது. படித்தவர்கள் கையாலும் நடந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்து மூடி வைத்துவிடுவதால் அடுத்த கடையிலும் நடக்கிறது. எங்கள் மூன்றாவது கோரிக்கை அதற்குத்தான். நீங்கள் அன்றைக்கே பயமில்லாமல் ஓர் இடத்தில் எழுதிக் கொடுக்க முடிந்திருந்தால் இரண்டு வருடம் இப்படி ஒற்றையாகச் சுமந்திருக்க மாட்டீர்கள்.

நான் இதைக் குழுவில் சொல்லட்டுமா? கடை பேர், ஊர், நீங்கள் எனக்கு யார், எதுவும் வராது. மூன்றாவது கோரிக்கையைக் குழுவில் யாருமே மதிக்கவில்லை அண்ணி. இது ஒன்றுதான் அதைத் தூக்கி நிறுத்தும். உங்கள் அனுமதி இல்லாமல் சொல்ல மாட்டேன், சத்தியம்.

இன்னொன்றும் கேட்கிறேன், படிக்கிற பிள்ளையாகக் கேட்கிறேன். அந்த அட்டையை ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்தார்களா? பார்த்திருந்தால் எண்ணியிருப்பார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்க மாட்டார்களே.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கிழிக்கும்போது அழுகை வந்தது.

உங்கள் வாயாடி


ஜூலை 27

அன்புள்ள வாயாடிக்கு,

கேட்டதற்குச் சந்தோஷம். வேண்டாம்.

பேர் சொல்லாவிட்டால் தெரியாது என்கிறாய். இந்த வெட்டு இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். உன்னிடம் சொன்னது நீ என் வீட்டுப் பிள்ளை என்பதால். குழுவுக்குச் சொல்லவில்லை.

நீ கேட்ட மற்றதையும் இனிமேல் கேட்காதே.

பிரிட்ஜ் சரியாகிவிட்டது. உனக்கு இரண்டு சுடிதார் அனுப்பியிருக்கிறேன். பச்சை உனக்கு எடுக்காது என்று உன் அண்ணன் சொன்னார். நான் கேட்கவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுத நாலு நாளாக உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லிவிட்டேன்.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். அதனால் என் தப்புக் குறையாது என்று தெரியும்.

பெரிய கூடம். குழுவில் ஏழு பேர், உயரமான மேஜைக்குப் பின்னால். பேசுகிறவர் கீழே நிற்க வேண்டும், ஒரு விளக்கு பச்சையாக எரியும், மூன்று நிமிடத்தில் சிவப்பாகிவிடும். எனக்கு முன்னால் மருந்துக்கடை முதலாளிகள் சங்கத்துக்காரர் பேசினார். தப்பு செய்கிற ஆளைத் தண்டித்தால் போதும், புது விதி எதுவும் வேண்டாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஒரு காகித அட்டையில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். மூன்றாவது கோரிக்கைக்கு வந்ததும் ஓர் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "தப்பு பண்றவங்களை விட்டுடச் சொல்றீங்களா? அப்புறம் எதுக்குச் சட்டம்?" பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அதற்குப் பதில் என் அட்டையில் இருந்தது. எண்ணிக்கையாக இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு கடை" என்று ஆரம்பித்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடிந்தது, நிறுத்தவில்லை, அதுதான் உண்மை. துணி தைத்துப் பிழைக்கிற ஓர் அம்மா என்றேன். காலைக்கு ஒரு வெட்டு என்றேன். வாரத்துக்கு என்று காட்ட அந்தக் கத்தரிக்கோலில் வழியில்லை என்றேன். வெட்டைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை அண்ணி. அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை, சொல்வதற்கு ஓர் இடம் இல்லாததால் சொல்லாமல் இருக்கிறார் என்றேன். விளக்கு சிவப்பாகி ரொம்ப நேரம் ஆகியிருந்தது. யாரும் என்னை நிறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றியவர் பேனாவை எடுத்தார்.

வெளியே செயலாளர் அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மூன்றாவது கோரிக்கையை வரைவில் சேர்த்துவிட்டார்கள். செப்டம்பர் 28 மறுபடி கூட்டம், அதில் முடிவு. எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள்.

நேற்றுப் பேப்பரில் வந்துவிட்டது. பெட்டிச் செய்தியாக, வெட்டோடு. ஊர் பேர் இல்லை. அது போதுமா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சத்தியம் செய்து கொடுத்தேன், மீறிவிட்டேன். என்னைத் திட்டுங்கள், போனில் கத்துங்கள், எதுவானாலும் சரி.

உங்கள்
வாயாடி


செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் இல்லை. போனை நீங்கள் எடுப்பதில்லை. அண்ணன் எடுத்து, "இப்ப எதுவும் கேக்காதே, படிக்கிற வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார். கடை போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. கடை திறந்திருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

28ஆம் தேதி என்னையே பேசச் சொல்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்கிறார்கள்.

ஒரு வரி போடுங்கள். திட்டி ஒரு வரி.

வாயாடி


செப்டம்பர் 17

அன்புள்ள வாயாடிக்கு,

உன் பேரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தது நான்தான். பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாய், எண்ணினேன். எடுத்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

பேப்பர் வந்த மறுநாள் பதினோரு மணிக்குத் தையற்காரம்மா கடைக்கு வந்தார். நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "அவங்களை அனுப்பு, எனக்கு அவசரமில்ல" என்றார். எல்லோரும் போன பிறகு பேப்பரைக் கவுண்டரில் வைத்தார். அவர் வீட்டுக்காரர் தேநீர்க்கடையில் படித்துவிட்டுக் கொண்டுவந்து படித்துக் காட்டியிருக்கிறார்.

"ஒரு வெட்டுன்னு போட்டிருக்கே, இது நம்ம கடைதானே?"

"ஆமாக்கா."

"அந்தத் தையக்காரி நான்தானே?"

"ஆமா."

கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார், "ரெண்டு வருஷமா என் உடம்பைத்தானே திட்டிக்கிட்டிருந்தேன். நல்ல மருந்தைக்கூடத் தாங்காத பாழாப்போன உடம்புன்னு."

அதற்கப்புறம் கையை நீட்டிக் காட்டினார். உனக்குத் தெரியாது, நீ போன விடுமுறைக்கு வந்தபோதே அவர் தைப்பதை நிறுத்திவிட்டார். விரலெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணிவிட்டது. மிஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். நான் தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்கு வருகிறேன். பாவம், வியாதி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டே வருவேன். வியாதி தானாக முற்றவில்லை. அந்த மாத்திரை இவருக்கு ஆகாது, இனிமேல் கொடுக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். விரலைக் காப்பாற்றக்கூடிய மருந்து அதுதான். வேறு மாத்திரைகள் எதுவும் கேட்கவில்லை. அவற்றையும் என்னிடம்தான் வாங்கினார்.

நீ ஜூலையில் ஒரு கேள்வி கேட்டாய், இனிமேல் கேட்காதே என்றேன். இப்போது பதில் சொல்கிறேன். அட்டையை ஆஸ்பத்திரியில் யாரும் பார்க்கவில்லை. அவர் வீட்டுக்காரர் அதை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போய்க்கொண்டிருந்தார். "என்கிட்ட கொடுங்க, கம்பெனிக்கு எழுதிக் கேக்கறேன்" என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துத் துண்டு துண்டாக வெட்டி எறிந்தேன். அட்டையில் வெட்டுப் போட்டது கைத்தவறு. அட்டையை வாங்கி வைத்துக்கொண்டது கைத்தவறு இல்லை. அதை நான் யோசித்துத்தான் செய்தேன். இதையும் அந்த அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். அப்போதுதான் அவர் அழுதார்.

மறுநாள் அவரோடு நானும் பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார், வாரம் ஒன்று, குறைந்த அளவில். கோணின விரல் கோணினதுதானாம். மீதியைக் காப்பாற்றலாமாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அவர் உட்கார்ந்து வந்தார், நான் நின்று வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே இன்ஸ்பெக்டர் ஆபீஸ் போனேன். உன் அண்ணன் வாரம் ஒரு நாள்தான் வருகிறார் என்பது உட்பட என் கையால் எழுதிக் கொடுத்தேன். "நீங்களே வந்து எழுதிக் குடுத்தா நான் என்னம்மா பண்றது" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடையை மூடிவிட்டோம். உன் அண்ணனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. கிடங்கு வேலையை விட்டுவிட்டு வந்து கடையில் உட்காருவதா என்று யோசிக்கிறார். என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஜனங்கள் மருந்துக்குப் பஸ்ஸில் போய் வருகிறார்கள். இரண்டு பேர் வீட்டுக்கே வந்து என்னை ஏசிவிட்டுப் போனார்கள். ஒருவர் கடை ஏன் திறந்திருந்தது என்று ஏசினார், இன்னொருவர் ஏன் மூடினாய் என்று ஏசினார்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சத்தியம் செய்துவிட்டு நாலு வாரம் தாங்கவில்லை. நீ சொன்னதால்தான் இந்த அம்மாவுக்கு மருந்து கிடைத்தது, அதுவும் எனக்குத் தெரியும். அது தெரிவதால் கோபம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

ஆனால் வேறு ஒன்று என்னைத் தூங்க விடவில்லை. நீ என்னிடம் அனுமதி கேட்டாய். நான் மறுத்தேன். நீ மீறினாய், நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். இத்தனை சண்டையில் அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பட்டது அவர் உடம்பு. நான் என்னுடையது மாதிரி ஒளித்து வைத்தேன், நீ உன்னுடையது மாதிரி எடுத்துக் கொடுத்தாய்.

முந்தாநாள் அவரே வீட்டுக்கு வந்தார். "அந்தக் கூட்டம் மறுபடி இருக்காமே, பேப்பர்ல போட்டிருக்கான். யாரோ பொண்ணு பேசுச்சாம், அதுக்கு என்னைத் தெரியுமா?" என்று கேட்டார். அது என் நாத்தனார் என்று சொன்னேன். "ஓ, நம்ம வாயாடியா" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் வந்து சொல்றேன். என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

ஆகையால் 28ஆம் தேதி நாங்கள் இருவரும் வருகிறோம். நீ பேச வேண்டாம். பேசுகிறவர்கள் பட்டியலில் அந்த அம்மா பேரைச் சேர்க்கச் சொல். படிவத்தில் கையெழுத்து கேட்டால் அவரால் பேனா பிடிக்க முடியாது, கைரேகை வைக்க ஏற்பாடு செய். மைக்கை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். படிக்கட்டு இருந்தால் முன்னாலேயே சொல்.

என்ன பேசப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், "அங்க வந்து கேட்டுக்க" என்றார். என்னைப் பற்றி நல்லதாகச் சொல்வாரா, ஜெயிலில் போடச் சொல்வாரா, எதையும் முகத்தில் காட்டவில்லை. எது சொன்னாலும் நான் எழுந்து போகக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆனால் பயமாக இருக்கிறது. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திரு.

அண்ணி